சொல்தா பதில்கள்: ஒன்றரை சவரன் குண்டு

போன மாதம் கனடா மூஸ் மானைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் துப்பாக்கிக் குண்டைப் பற்றித்தான். அதனால் இந்த மாதம் மூட்டுவலி, பிரெஞ்சு பென்ஷன், விசா கேள்விகளுக்கு விடுமுறை.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் முத்தியால்பேட்டைக்காரன். வாலிபத்தில் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்த புதுச்சேரி சொல்தாக்களில் ஒருவன். ஓய்வுக்குப் பிறகு பதினோரு வருஷம் பிரான்சில், ஓர்லேயான் நகரத்துக்குத் தெற்கே சொலோஞ் காட்டுப் பக்கம் குடியிருந்தேன். அங்கே முறைப்படி பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, காட்டுப்பன்றி வேட்டைக்குப் போனேன். இப்போது என் கையிலிருக்கும் ஒரே ஆயுதம் கொசு மட்டை.

கேள்வி: என் மகன் கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வேலை பார்க்கிறான். நண்பர்களோடு இந்த வருஷம் மூஸ் வேட்டைக்குப் போகிறானாம். வகுப்பு, உரிமம் எல்லாம் முடித்துவிட்டான். வாங்கியிருப்பது ‘தர்ட்டி நாட் சிக்ஸ்’ துப்பாக்கி. கடையில் தோட்டாப் பெட்டிகளில் 150, 165, 180, 220 என்று போட்டிருக்கிறதாம். “பத்திரிகையில் ஒருத்தர் எழுதுறாரே, எது நல்லதுன்னு அவர்கிட்ட கேட்டுச் சொல்லும்மா” என்கிறான். நாங்கள் சுத்த சைவம். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.
— ஓய்வுபெற்ற ஆசிரியை, நெல்லிக்குப்பம்

பதில்: டீச்சரம்மா, 180 வாங்கச் சொல்லுங்கள். அடுப்பில் பால் இருந்தால் இத்தோடு எழுந்து போய்விடலாம்.

மற்றவர்களுக்காக விளக்குகிறேன். தோட்டா வேறு, குண்டு வேறு. பித்தளைக் கூடு, அடியில் பொறி வைக்கும் கேப், உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு, இத்தனையும் சேர்ந்தது தோட்டா. பறப்பது குண்டு மட்டும். பெட்டியில் போட்ட எண் அந்தக் குண்டின் எடை, கிரெய்ன் கணக்கில். 7000 கிரெய்ன் ஒரு பவுண்டு. நமக்குப் பழகிய கணக்கில் சொன்னால் ஒரு சவரன் 123 கிரெய்னும் சொச்சமும். ஆக 180 கிரெய்ன் குண்டு 11.7 கிராம், ஒன்றரை சவரனுக்கு இம்மி குறைவு. 150 என்றால் ஒன்றேகாலுக்குக் கொஞ்சம் குறைவு. 220 ஒன்றேமுக்காலைத் தாண்டிவிடும். நகைக்கடைத் தராசில் ஒரு நெக்லஸுக்குக் காணாத வித்தியாசம் இது. ஆனால் காட்டில் இதை வைத்துத்தான் எல்லாம்.

குண்டுக்கு இரண்டு பயணம் உண்டு. குழலிலிருந்து விலங்கின் தோல் வரை ஒன்று, தோலிலிருந்து நுரையீரல் வரை இன்னொன்று. கடைக்காரர் பேசுவதெல்லாம் முதல் பயணத்தைத்தான்: எவ்வளவு வேகம், எவ்வளவு நேராகப் போகும் என்று. எடை குறைந்த குண்டு அதில் கொஞ்சம் கெட்டிக்காரன், ஒத்துக்கொள்கிறேன். உங்கள் மகனுடைய துப்பாக்கியில் 150 கிரெய்ன் நொடிக்கு 2900 அடி வேகத்தில் கிளம்பும், 180 கிரெய்ன் 2700 அடியில். ஆனால் 300 கெஜம் போன பிறகும் இரண்டும் கீழே இறங்குவதில் உள்ள வித்தியாசம் ஓரிரு அங்குலம்தான். மூஸின் நுரையீரல் முறம் அளவு. முறத்தில் ஓரிரு அங்குலத்துக்கா கணக்குப் பார்ப்பது?

இரண்டாவது பயணம்தான் கஷ்டம். வளர்ந்த ஆண் மூஸ் 500 கிலோ இருக்கும். தோல், அதன் கீழே சதை, தோள்பட்டை எலும்பு, விலா எல்லாம் தாண்டினால்தான் நுரையீரல். குண்டின் விட்டம் ஒன்றேயாக இருக்கும்போது எடை கூடினால் நீளம் கூடும். நீளமான குண்டுக்கு முனைக்குப் பின்னாலிருந்து தள்ள ஆள் அதிகம். கடப்பாரை ஏன் மண்ணில் ஆழமாக இறங்குகிறது? சின்ன முனை, பின்னால் நீளத்துக்கும் எடை. இதற்கென்று ஒரு எண்ணே வைத்திருக்கிறார்கள். எடையைப் பவுண்டில் எடுத்து, அங்குலத்தில் அளந்த விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும். எண் கூடினால் ஆழம் கூடும். அந்தத் துப்பாக்கிக்கு 150 கிரெய்ன் என்றால் 0.226, 180 என்றால் 0.271, 220 என்றால் 0.331. ஸ்வீடன்காரர்கள் 6.5 மில்லிமீட்டர் என்ற ஒல்லித் துப்பாக்கியால் நூறு வருஷத்துக்கு மேலாக மூஸ் சுடுகிறார்கள். பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் அவர்கள் போடும் 156 கிரெய்ன் குண்டு பென்சில் துண்டு மாதிரி நீளம், எண் 0.320. ஸ்வீடன் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. பெரிய விலங்குக்கு, குண்டு 10 கிராமும் அதற்கு மேலும் என்றால் 100 மீட்டரில் 2000 ஜூல் ஆற்றல் போதும். 9 கிராமிலிருந்து 10 கிராமுக்குள் என்றால் 2700 ஜூல் வேண்டும். எடையில் குறைத்தால் வேகத்தில் ஈடு கட்டு என்கிறது.

இனி என் தலைகுனிவு. சொலோஞ்சில் என்னிடம் இருந்தது 7×64 துப்பாக்கி. பன்றிக்கு வழக்கமாக 162 கிரெய்ன் போடுவேன். ஒரு நவம்பர் சனிக்கிழமை அந்தப் பெட்டி தீர்ந்திருந்தது. ரோ மானுக்கு வாங்கிய 139 கிரெய்னில் ஆறு மிச்சம். ரோ மான் நம் வெள்ளாட்டைவிடக் கொஞ்சம்தான் பெரிசு, அதற்கேற்ற மெல்லிய குண்டு. சனிக்கிழமை கடை தேடி முப்பது கிலோமீட்டர் ஓட்டவேண்டுமா என்ற சோம்பல், சிக்கனம், இரண்டும்தான். காலை பத்து மணிக்கு ஒரு கிழட்டு ஆண் பன்றி இருபத்தைந்து எட்டு தூரத்தில் குறுக்கே ஓடியது. தோளில் சரியாகப் பட்டது. பன்றி முன்னங்காலில் குனிந்து, எழுந்து, முள்புதருக்குள் போய்விட்டது.

அங்கே ரத்தத் தடம் பிடிக்கப் பழக்கிய நாயோடு ஆட்கள் இருக்கிறார்கள். காசு வாங்காமல் வருவார்கள். மறுநாள் விடியலில் அந்த நாய் ஒரு கிலோமீட்டருக்கு மேல் இழுத்துக்கொண்டு போய்க் காட்டியது. பன்றி உயிரோடு இருந்தது. ராத்திரி முழுக்க அப்படியே கிடந்திருக்கிறது. நாய்க்காரர்தான் முடித்து வைத்தார், என்னைச் சுட விடவில்லை.

தோலுரித்தபோது பார்த்தேன். என் உள்ளங்கை அகலத்துக்குக் குழி, ஆழம் நாலு விரற்கடை. தோள்பட்டை எலும்பு நொறுங்கியிருந்தது, அதற்கு அப்பால் ஒரு கீறல் இல்லை. செம்புத் தகடு வெங்காயச் சருகு மாதிரி சதையில் ஒட்டியிருந்தது. ஈயம் கடுகு கடுகாய்ச் சிதறியிருந்தது. கிட்டத்தில், முழு வேகத்தில், மெல்லிய குண்டு எலும்பில் பட்டால் இப்படித்தான் வெடித்துப் பொடியாகும். கூட இருந்து தோலுரித்த பெரியவர் அந்தத் தோள்பக்கத்தை முழுசாக வெட்டிக் குப்பை வாளியில் போட்டார். ஈயம் இறைந்த கறியை யாருக்குக் கொடுப்பது?

இதே அனுபவம் 1946இல் ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்கருக்கு வந்தது. உங்கள் மகன் இருக்கும் அதே பிரிட்டிஷ் கொலம்பியாவில், அதே மூஸ். சேற்றில் புரண்டு, சேறு காய்ந்து ஓடாகிப்போன மூஸின் மேல் அவர் குண்டு உடைந்து போயிற்று, உள்ளே இறங்கவில்லை. ஊருக்குத் திரும்பியவர் குண்டுக்குள் செம்பில் ஒரு குறுக்குச் சுவர் வைத்தார். முன்பாதி ஈயம் காளான் மாதிரி விரியும், பின்பாதி உடையாமல் தள்ளிக்கொண்டே போகும். இன்றும் கடையில் கிடைக்கிறது.

ஆகவே, டீச்சரம்மா, மகனிடம் எண்ணோடு இதையும் சொல்லுங்கள்: 180 என்று மட்டும் கேட்காதே, பெரிய விலங்குக்காகக் கெட்டியாகச் செய்த 180 கேள். முழுச் செம்பில் செய்த குண்டு என்றால் 165 போதும், சிலர் 150கூடப் போடுவார்கள். செம்பு சிதறாது, கிளம்பிய எடை கிட்டத்தட்ட அப்படியே உள்ளே போகும். 220 வேண்டாம். மெதுவாகப் போகும், சீக்கிரம் இறங்கும், தோளில் கழுதை மாதிரி உதைக்கும். உதைக்குப் பயந்து துப்பாக்கி விசையை இழுக்கும்போதே கண்ணை மூடுகிறவனுக்கு எந்த எடையும் உதவாது. வாங்கிய பிறகு அதே பெட்டியிலிருந்து இருபது தோட்டாவாவது மைதானத்தில் சுட்டுக் குறிக்கருவியைச் சரிசெய்யவேண்டும். குண்டின் எடை மாறினால் படும் இடமும் மாறும்.

கேள்வி: ஆற்றல் என்பது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று பாடத்தில் படித்தோம். அப்படியானால் எடை குறைந்து வேகம் கூடிய குண்டுதானே சிறந்தது?
— பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர், பண்ருட்டி

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள் தம்பி. மேலே சொன்ன 150 கிரெய்ன் கிளம்பும்போது சுமார் 3800 ஜூல். 180 கிரெய்ன் சுமார் 3950. உங்கள் வர்க்கம் என்ன ஆயிற்று? ஒரே கூடு, ஏறத்தாழ ஒரே மருந்து, ஆகவே ஆற்றல் கிட்டத்தட்ட ஒன்றுதான். உந்தத்தில்தான் எடை கூடியது பத்து சதவீதத்துக்கு மேல் முந்துகிறது. தவிர, பையில் எவ்வளவு காசு என்பதை ஆற்றல் சொல்லும், எந்தக் கடையில் செலவானது என்பதைச் சொல்லாது. என் 139 கிரெய்ன் தன் காசு முழுவதையும் தோள்பட்டை வாசலிலேயே கொட்டிவிட்டது.

இயற்பியல் பிடிக்கும் என்றால் இதையும் யோசியுங்கள். குழலுக்குள் இருக்கும் புரிகள் குண்டைச் சுழற்றிவிடுகின்றன, பம்பரம் மாதிரி. குண்டு நீளமானால் இன்னும் வேகமாகச் சுழல வேண்டும், இல்லாவிட்டால் தலைகுப்புற உருளும். கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித ஆசிரியர் 1879இலேயே இதற்குச் சூத்திரம் எழுதினார். அது தெரிந்தும் 1955இல் ரெமிங்டன் கம்பெனி .244 என்ற துப்பாக்கியை 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற சோம்பேறிப் புரியோடு விட்டது. போட்டிக் கம்பெனியின் .243இல் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அதில் 100 கிரெய்ன் குண்டு மானுக்குப் போகும். வேட்டைக்காரர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். 1963இல் ரெமிங்டன் புரியை 9 அங்குலமாக்கி, பெயரையும் மாற்றி மறுபடி விற்றது. ஆக, எடையைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் குழல் எந்த நீளத்தைச் சுழற்றும் என்று பார்க்கவேண்டும்.

கேள்வி: அப்பா பெயரில் லைசென்ஸ் உள்ள .315 துப்பாக்கி ஒன்று வீட்டில் இருக்கிறது. தாத்தா வாங்கியது. ஏன் இப்படி ஒரு விசித்திர அளவு? அதன் குண்டு 244 கிரெய்ன் என்கிறார்கள், அது அதிகமில்லையா?
— வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: வெள்ளைக்காரனின் பயம்தான் காரணம். ராணுவத் தோட்டா சனங்கள் கைக்குப் போகக்கூடாது என்று .303ஐத் தடுத்தான். அதனால் ராணுவத்தில் இல்லாத அளவில், பழைய ஆஸ்திரிய 8 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு இங்கே துப்பாக்கி செய்தார்கள். இச்சாப்பூர் தொழிற்சாலையின் .315 அப்படி வந்தது. பிரான்சும் இதில் சளைத்ததில்லை. ராணுவ அளவுகள் 2013 வரை அங்கே சாதாரண வேட்டைக்காரனுக்கு எட்டாக்கனி. நான் 7×64 வைத்திருந்ததற்கும் அதுதான் காரணம், ரசனை ஒன்றும் இல்லை.

244 கிரெய்ன் என்றால் ஏறக்குறைய இரண்டு சவரன். அதிகம்தான், ஆனால் வேகம் குறைவு. பார வண்டி மாதிரி மெதுவாக வந்து உள்ளே ஆழமாகப் போய்விடும். அந்தக் காலத்தில் கிட்டத்தில் சுட்டார்கள், அதற்குச் சரி. இப்போது அது உங்கள் வீட்டுப் பாதுகாப்புப் பெட்டியில் இருக்கட்டும். அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் லைசென்ஸ் தானாக உங்களுக்கு வராது. நீங்கள் தனியாக விண்ணப்பிக்கவேண்டும். அப்பாவின் லைசென்ஸ் செல்லாமல் போனால், உங்களுடையது கிடைக்கும்வரை துப்பாக்கி காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ இருக்கவேண்டும்.

கேள்வி: மக்காச்சோளம் மூன்று ஏக்கர். இரவோடு இரவாகக் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போகிறது. உங்கள் அனுபவத்தில் பன்றிக்கு எத்தனை கிரெய்ன்?
— விவசாயி, விருத்தாசலம் வட்டம்

பதில்: உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது ஐயா, ஆனால் எண் சொல்ல மாட்டேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நீங்களும் நானும் பன்றியைச் சுட முடியாது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையே சுடலாம் என்று 2025இல் தமிழக அரசு முடிவெடுத்தது. ஆக வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள், சேதத்தைப் படமெடுத்து வி.ஏ.ஓ.விடமும் கொடுங்கள். பக்கத்துக் கொல்லைக்காரர் அவுட்டுக்காய், அதாவது தீனிக்குள் வெடி, வைக்கலாம் என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்த ஆளின் பேச்சைக் கேட்காதீர்கள். அதைக் கடிப்பது பன்றியாகத்தான் இருக்கும் என்று யார் சொன்னது? மாடு கடிக்கும், ஆட்டுக்காரப் பையன் எடுத்துப் பார்ப்பான்.

அனுமதி உள்ள நாட்டிலேயே எவ்வளவு பயந்து சுடுகிறார்கள் என்று சொல்கிறேன். பிரான்சில் பன்றியைக் கலைத்து ஓட்டும் வேட்டையில் துப்பாக்கிக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். நின்றதும் முதல் வேலை, பக்கத்து ஆள் இருக்கும் திசையில் ஐந்து எட்டு நடப்பது, அங்கிருந்து செங்குத்தாக மூன்று எட்டு வைப்பது, அந்த இடத்தில் ஒரு குச்சி நடுவது. திரும்பி வந்து நின்றால், ஆளுக்கும் குச்சிக்கும் நடுவே 30 டிகிரி. அந்தக் கோணத்துக்குள் பன்றி தங்கத்தில் வந்தாலும் சுடக்கூடாது. மறுபக்கத்து ஆளுக்கும் இதே போல. தவறிய குண்டு 3 கிலோமீட்டருக்கு மேல் போகும். உங்கள் கொல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் எத்தனை வீடு?

கேள்வி: விரியும் குண்டுகள் போரில் தடை என்று படித்தேன். நீங்கள் வேட்டைக்கு விரியும் குண்டைச் சிபாரிசு செய்கிறீர்களே?
— கல்லூரி மாணவி, வில்லியனூர்

பதில்: கேள்வி சரி. கல்கத்தா பக்கத்து டம்டம் ஆயுதச்சாலையில் செய்ததால்தான் அதற்கு டம்டம் குண்டு என்று பெயர். 1899இல் ஹேக் மாநாட்டில் போருக்குத் தடை போட்டார்கள். போரில் எதிரி விழுந்தால் போதும், பிழைத்துக்கொள்ளட்டும் என்ற கணக்கு. வேட்டையில் விலங்கு காயத்தோடு பிழைத்து அலைவதுதான் கொடுமை. அதனால் பல நாடுகளில் பெரிய விலங்குக்கு விரியாத ராணுவக் குண்டைப் போடக்கூடாது என்று சட்டம். நான் ராணுவத்தில் முதலில் சுட்ட 7.5 மில்லிமீட்டர் குண்டு 9 கிராம். அதே எடையில் ஒரு வேட்டைக் குண்டைப் பக்கத்தில் வைத்தால் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. முனையில் துளி ஈயம் எட்டிப்பார்க்கும், அவ்வளவுதான்.

கேள்வி: யானைக்கு எத்தனை கிரெய்ன் தேவைப்படும்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.
— வாசகர், காரைக்கால்

பதில்: மணக்குள விநாயகர் கோயில் லட்சுமி 2022 நவம்பரில் நடைப்பயிற்சியில் சாய்ந்து விழுந்த அன்று நானும் ரோட்டில் நின்று அழுதவன். இதற்கு மனசு வரவில்லை. ஆனாலும் கேட்டதற்குச் சொல்கிறேன். இன்று ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் .375க்குக் குறைந்த துப்பாக்கியோடு ஆபத்தான விலங்கிடம் போக முடியாது. அதற்கு வழக்கமான குண்டு 300 கிரெய்ன். .458க்கு 500 கிரெய்ன், நாலு சவரன். நூறு வருஷத்துக்கு முன்னால் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டார். பெரும்பகுதி 7 மில்லிமீட்டர் துப்பாக்கியில், 173 கிரெய்ன் குண்டால். எடை மட்டுமே எல்லாம் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அவர் போட்டது முழுக்கத் தகடு மூடிய, துளியும் விரியாத, நீளமான உருண்டை முனைக் குண்டு. யானை மண்டையை வெட்டிப் பார்த்து மூளை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மனப்பாடம் செய்தவர். அந்தப் படிப்பில்லாதவன் நாலு சவரனைக் கட்டிக்கொண்டு போயும் காயப்படுத்திவிட்டுத்தான் வருவான்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வரும் மருமகனிடம், பேரனுக்கு ஒரு துப்பாக்கித் தோட்டா சாவிக்கொத்து கேட்டிருக்கிறேன். அசல் தோட்டாவில் செய்ததாம். கொண்டுவரலாமா?
— இல்லத்தரசி, நெய்வேலி

பதில்: உடனே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள் அம்மா. பெட்டியின் மூலையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டாவுக்காக விமான நிலையத்தில் ஆயுதச் சட்டத்தில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. “மருந்து இல்லை, வெறும் பித்தளை” என்பதை நடுராத்திரி மூன்று மணிக்கு மீனம்பாக்கத்தில் யாரிடம் விளக்குவது? பேரனுக்குச் சாக்லெட் போதும். நானே சொலோஞ்சிலிருந்து திரும்பும்போது என் பெட்டியை இரண்டு முறை தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். வேட்டைக் கோட்டின் உள்பையில் 139 கிரெய்ன் ஒன்று கிடந்தது. அந்த ஆறில் மிச்சம்.